மேலிருந்து கீழே ஐந்து பலகைகள்

யூகலிப்டஸ் குச்சியைக் கடைவாயில் வைத்து மென்று, நுனி நார் நாராகப் பிரிந்ததும் மையில் தோய்க்கிறார் குருவம்மாள். மறுபடி வாய்க்குப் போகிறது குச்சி. உதட்டோரம் கறுப்பு வழிகிறது, துடைப்பதில்லை. "தொடச்சா திரும்ப வழியும். என்னத்துக்கு ரெண்டு வேல?"

பீர்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டி அடைக்கும் ஷெட்டில் அவருக்கு வேலை. உடைந்த பெட்டியின் மூடிதான் வரையும் பலகை. பெட்டிக்கு முத்திரை எழுதும் கறுப்பு மை, செங்கல் பொடி, சமையல் மஞ்சள் தவிர வேறு வண்ணம் கிடையாது. மையைப் பரப்ப நான்கு விரல்கள் ஓடும். வலது கட்டைவிரல் மட்டும் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடக்கும். ஏன் என்று கேட்டால், "அது பொய் சொன்ன வெரலு தம்பி" என்பார்.

சாமி படம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். "சாமியத்தான் கடையில விக்கானே." அவர் வரைந்தது ஒரே கதை, ஐந்து பலகைகளில். அதில் மனிதர்களுக்கு முகம் இல்லை, எல்லாரும் கறுப்பு. தலையில் மஞ்சள் துணி கட்டிய ஒருத்தியை மட்டும் அடையாளம் தெரியும்: அவருடைய மூத்த மகள் சாந்தம்மாள், கொழுந்து பறித்தவள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மழையில், அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலையில் வெடிப்பு கண்டது. சாந்தம்மாள் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடினாள். "வேலைக்குப் போ, கள்ளம் பண்ணாத" என்று அவர் கையை நீட்டி விரட்டினார். மூன்றாம் நாள் சாந்தம்மாளும் ஆறு வீடுகளும் மண்ணுக்குள் போயின. குருவம்மாள் அப்போது ஷெட்டில் இருந்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் மலையாளத்தில் எழுதி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். சூப்பர்வைசர் எச்சரித்தும் யாரும் லயத்தை விட்டுப் போகவில்லை என்று அதில் இருந்தது அவருக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. "சொன்னவ எம் மவ. அவரு சொன்னாருன்னு நானே ரேக வச்சிட்டு வந்திருக்கேன் பாத்துக்கோங்க."

வீட்டுச் சுவரில் பலகைகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கின. மேலே வெடிப்பு. அதன் கீழே, மலையைக் காட்டி நிற்கும் மஞ்சள் துணி. பிறகு விரட்டும் கை, பிறகு லயத்தில் படுத்திருக்கும் ஆட்கள், அடியில் வெறும் மண். "மண்ணு மேலருந்துதான வரும்? கதையும் அப்பிடித்தான்." எண் எழுதத் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

மண் சரிந்த பதினைந்தாம் வருஷம் பாலக்காட்டில் புதிதாகத் திறக்கவிருந்த ஓவிய மியூசியம், படத்தால் கதை சொல்பவர்களுக்கென்று ஒரு கூடம் ஒதுக்கி, அந்தப் பலகைகளை வாங்கிப் போயிற்று. பணத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதே எஸ்டேட்டில் வளர்ந்து, குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த நான் துணைக்குப் போனேன். குமுளியில் மலையிறங்கி, பொள்ளாச்சி சுற்றி, ஒரு பகல் முழுக்க பஸ். கோபாலபுரம் செக்போஸ்டில் போலீஸ்காரர் குருவம்மாளின் துணி மூட்டையைத் தட்டி எங்கிருந்து வருகிறாய் என்றார். "கேரளாவுலருந்து கேரளாவுக்குத்தான்யா வாரேன். நடுவுல தமிழ்நாடு கெடக்கு, நான் என்ன செய்ய?"

கூடத்தில் பலகைகளை இடமிருந்து வலமாக மாட்டியிருந்தார்கள். முதலில் இருந்தது விரட்டும் கை. அதற்குப் பிறகுதான் வெடிப்பும் மற்றவையும். முதலில் நின்றதால் அது விரட்டும் கையாக இல்லை. மலையைக் காட்டி எச்சரிக்கும் கையாகிவிட்டது. கீழே மலையாளத்தில் ஒரு அட்டை.

"என்ன எழுதிருக்கு தம்பி? உள்ளத உள்ளபடி வாசிங்க."

இரண்டு மொழியும் பள்ளியில் படித்தவன் நான். வம்பு ஏதாவது வந்து, குவைத்துக்குத் திரும்பிப் போவது தடைப்படுமோ என்று பயம். குரலைத் தாழ்த்தி வாசித்தேன்: அதிகாரி எச்சரிக்கிறார், தொழிலாளர்கள் கேட்கவில்லை.

"இங்கயுமா" என்றார்.

மியூசியப் பொறுப்பாளர் வெங்கிடேஸ்வரன் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், நல்ல மனிதர்தான். "எஸ்டேட் ஆபீஸ்லேர்ந்து விவரம் எழுதி அனுப்பிச்சா, அதுப்படி மாட்டினோம். பலகைக்குப் பின்னால நம்பரே இல்லையேம்மா! திறப்பு விழா முடியட்டும், மெதுவா மாத்திக்கலாம். இப்போ இந்த ரசீதுல ஒரு கைநாட்டு வச்சுடுங்கோ." மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"நம்பருதான வேணும்?"

மடங்கியிருந்த கட்டைவிரலை நிமிர்த்தி மையில் அழுத்தினார். ரசீதைத் தாண்டி நடந்தார். வெடிப்புப் பலகையின் மூலையில் ஒரு ரேகை. காவலாளி மாரப்பன் ஓடிவந்தார். "அம்மிணி, அதையத் தொடக்கூடாதுங்க!" குருவம்மாள் திரும்பவில்லை. மலையைக் காட்டும் மஞ்சள் துணிக்கு இரண்டு. விரட்டும் கைக்கு, அந்தக் கையின் மேலேயே, மூன்று. ஒவ்வொரு பலகைக்கும் திரும்பி வந்து மை தொட்டுப் போனார். படுத்திருப்பவர்களுக்கு நான்கு. வெங்கிடேஸ்வரன் அப்போதுதான் மைப்பெட்டியை மூடினார்.

மஞ்சள் துணியும் இல்லாத, வெறும் மண்ணான கடைசிப் பலகையில் விரலில் மிஞ்சிய மைக்கு நான்கு ரேகைதான் விழுந்தது. நான்காவது வெளிறியிருந்தது. கட்டைவிரலை வாயில் வைத்து நனைத்து, ஐந்தாவதை மண்ணின் மேல் அழுத்தினார். விரலை எடுக்கவில்லை.