கடல் கொடுக்காத மழை

2008-ம் வருடம் தை மாதம், மேகமலையில் என் ஏலத்தோட்டத்தில் ஒரு காலைப் பொழுதில் நடந்தது இது.

'என்' என்று அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்னமனூரில் இருந்து மற்றவர்கள் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப் போன மலையிலேயே பதினாறு ஏக்கர் வாங்கினேன். யானை இரண்டு தடவை அழித்தது. மூன்றாவது தடவையும் நட்டேன். ஜீப் ஏறாத பாதையில் கல் சுமந்து, காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டினேன். வேலையாட்களுக்கு ஆறு வீடு வைத்து லயன் கட்டினேன். மார்க்கையன்கோட்டையில் நஞ்சை, சின்னமனூரில் மாடி வீடு. எல்லாம் "இவனுக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஊர் சிரித்தபோது செய்தது.

அப்படிப்பட்டவன் தலை குனிந்த நாள் அது.

தேனி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதரின் மகள் பெங்களூரில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. புயலையும் பருவமழையையும் ஆராய்கிற டாக்டர். வங்கக்கடலில் புயல் கிளம்பும்போது கடல் காற்றுக்கு எவ்வளவு ஈரம் கொடுக்கிறது, அந்தக் காற்று திரும்பக் கடலைக் கலக்கி எவ்வளவு குளிர வைக்கிறது, கடைசியில் அது நம் மலையில் எவ்வளவு மழையாக இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவள் வேலை. கம்ப்யூட்டர் சொல்லும் மழையை ஒத்துப் பார்க்க, மலையில் நிஜமாக அளந்த மழை வேண்டும். "அங்கன மேல எனக்கு வேற ஆளே இல்ல பெரியப்பா" என்று சொல்லி, இரண்டு வருடத்துக்கு முன்பே என் தோட்டத்து வெட்டவெளியில் ஒரு மழைமானியை நட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. ஸ்டோரில் பச்சைக்காய் கொட்டினால் சூட்டுக்காற்று ஈரத்தை வாங்கும். வாங்க வாங்க அறையின் சூடு தணியும். "கடலும் காத்தும் அப்படித்தானே?" என்று கேட்டேன். "இதைப் புரிஞ்சுக்க எங்களுக்கு ஒரு வருசமாச்சு பெரியப்பா" என்றாள். அந்த வாரம் முழுவதும் பார்த்தவர்களிடம் எல்லாம் இதைச் சொன்னேன்.

தினமும் காலை எட்டரைக்கு மானியில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கிளாஸில் ஊற்றி, நின்ற அளவை நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அந்தப் பக்கங்களை அவளுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். நான் மலையில் இருக்கும் நாளில் நான் எழுதுவேன். கீழே போய்விட்டால் லயனில் இருந்த கங்காணியம்மா எழுதுவார். பெண்களை வேலைக்குக் கூட்டிப்போகிறவர், என்னைவிட ஐந்து வகுப்பு கூடப் படித்தவர்.

கோளாறு வந்தது சின்னமனூர் டீக்கடையில். தோட்டக்காரர்கள் நாங்கள் கூடினால் முதல் பேச்சே மழைதான். யார் தோட்டத்தில் அதிகம் பெய்ததோ அவர் அன்றைக்கு ராஜா. பக்கத்து எஸ்டேட்காரரும் மானி வைத்திருந்தார். ஒருநாள் அவர் ஐம்பது மில்லிமீட்டர் என்றார். எனக்கு நாற்பத்திரண்டுதான்.

"என்னய்யா, ஒம்ம தோட்டத்தை மேகம் மதிக்கலையா? எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சோ?" என்று அவர் கேட்டதும் கடையே சிரித்தது.

அடுத்த மழைக்கு முப்பதை நாற்பத்தைந்து என்று எழுதினேன். பதினைந்து மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் கனம். வானத்தில் இருந்து விழுகிற தண்ணீரில் ஒரு விரல் கனம் கூட்டினால் யார் குடி கெடப்போகிறது? பிறகு அது பழக்கமாகிவிட்டது. 2006 ஐப்பசியில் புயல் கரை கடந்தபோது, "இந்தப் புயலைத்தான் பெருசா நம்பியிருக்கேன், விடாம அளங்க பெரியப்பா" என்று போன் செய்தாள். அந்த இரண்டு நாளும் நான்தான் மேலே இருந்தேன். நன்றாகவே கூட்டினேன்.

2008 தை மாதம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். ஜீப்பில் இருந்து இறங்கியவளைப் பார்த்ததும் உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கட்டுத் தாளை ஸ்டோர் வாசலில் விரித்தாள்.

"எங்க கணக்குல ஏதோ தப்பு இருக்கு பெரியப்பா. எட்டு மாசமாத் தேடுறேன், ஆம்பிடல. கடல் அவ்வளவு தண்ணி குடுக்கல. நீங்க அளந்ததுல அவ்வளவு தண்ணி இருக்கு. அப்ப அது எங்கிருந்து வந்துச்சு?"

நூறு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் எத்தனை கிலோ நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒருவன் எடை காட்டினால், தண்ணீர் தெளித்திருக்கிறான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். கடலுக்கும் அப்படி ஒரு தராசு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

என் மழையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகக் கடலில் இருந்து கிளம்பும் ஈரத்தைக் கம்ப்யூட்டரில் கூட்டிப் பார்த்தாளாம். உடனே புயல் ஊதிப் பெருத்து, நிஜத்தில் வீசாத காற்று வீசி, மற்ற ஊர்களின் மழையெல்லாம் தாறுமாறாகிவிட்டதாம். கடலைப் பற்றிய பகுதியையே தூக்கிப் போடு என்று அவள் பேராசிரியர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். மூன்று வருட உழைப்பு.

"மரத்துச் சொட்டு விழுந்திருக்குமோ என்னமோ" என்றேன். என் வாய் சொன்னது அது. நான் யோசித்துச் சொல்லவில்லை. அவள் முகம் தெளிந்தது; எழுந்து ஓடினாள். மானியைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். பக்கத்தில் ஒரு கிளைகூட இல்லை. திரும்பி வரும்போது இன்னும் வாடியிருந்தாள்.

பிறகுதான் இரண்டாவது தாளை எடுத்தாள். அதற்குள் கங்காணியம்மாவும் காய்க்கூடையோடு ஸ்டோர் வாசலுக்கு வந்திருந்தார். கங்காணியம்மா எழுதிய நாட்களைத் தனியாகப் பிரித்திருந்தாள். அந்த நாட்களில் எல்லாம் கம்ப்யூட்டர் மழையும் நோட்டு மழையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது வேறு.

"பெரியப்பா நாள்ல ஒரு மாதிரி, இவங்க நாள்ல ஒரு மாதிரி. இவங்கதான் கொறைச்சு அளந்திருக்காங்கன்னு நெனைக்கிறேன். இவங்க நாளையெல்லாம் எடுத்துட்டு, உங்களோடதை மட்டும் வச்சுக் கடலை மறுபடி மாத்திரலாம்னு பாக்குறேன், வேற வழி தெரியல." கங்காணியம்மா பக்கம் திரும்பி, "அம்மா, தண்ணி கீழ சிந்துச்சா? நேரங்கழிச்சுப் போனீங்களா?" என்றாள்.

கங்காணியம்மா கூடையை இறக்கி வைத்தார். "நின்ன கோட்டைத்தான் எழுதுனேன் தாயி. பெய்யுற மழையக் கொறைக்க நான் யாரு? மொதலாளி அவுக நாளுக்கு அவுக எழுதுனாக. அதை நான் சொல்லக் கூடாது."

என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், தப்பித்திருப்பேன்.

அவள் பேனாவைத் திறந்தாள். கங்காணியம்மாவின் முதல் நாளை அடிக்கப்போனாள். டீ கொண்டுவரச் சொல்லலாமா, ஜீப்பைக் காரணம் காட்டி எழுந்துவிடலாமா என்று மனசு அலைந்தது. அவள் பேனாவை மறித்துக் கை வைத்தேன்.

"அதை அடிக்காத ஆத்தா. ஏத்தி எழுதுனது நான்தான்."

அவள் படியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லா நாளுமா?"

"மழை பேஞ்ச நாளெல்லாம்."

"புயல் அன்னைக்கு?"

"அன்னைக்குத்தான் ரொம்ப. ஆனா நெசமான அளவு எனக்கு ஞாபகம் இருக்கு. சொல்றேன், எழுதிக்க."

அவள் தலையை ஆட்டினாள். "ஞாபகத்தை எழுத முடியாது பெரியப்பா."

என் நாட்களை ஒவ்வொன்றாக அடித்தாள். நம்பியிருந்த அந்தப் புயலின் இரண்டு நாளும் அதில் போயின. அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் பக்கத்திலேயே நின்றேன். போகும்போது, "எட்டு மாசமா என் மேலதான் தப்புன்னு அழுதுட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். கங்காணியம்மாவிடம் நான் அன்று எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு நோட்டையும் கிளாஸையும் அவர் கையில் கொடுத்து, "இனி நான் இங்கன இருந்தாலும் நீங்கதான்" என்றேன். "சரிங்க மொதலாளி" என்றார். அதற்கு முன்பு அவரை நான் 'நீங்க' என்று சொன்னதில்லை.

கடல் பகுதி தப்பியது. அவளுக்கு டாக்டர் பட்டமும் கிடைத்தது. அடுத்த வருடம் அவள் ஆராய்ச்சி தடிமனான புத்தகமாக எனக்கு வந்தது. இங்கிலீஷ். சிநேகிதரின் கடைக்குக் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். நன்றி சொல்லும் பக்கத்தில் கங்காணியம்மாவின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. உள்ளே ஓர் இடத்தில், 'சில நாட்களின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்பதால் நீக்கப்பட்டன' என்று மட்டும் இருக்கிறதாம். யார் எழுதியவை, ஏன் நீக்கினார்கள் என்று ஒன்றும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றி இருக்கிறாள்.

காப்பாற்ற வேண்டாம். மானி நின்றது என் மண்ணில். கங்காணியம்மாவுக்குச் சேர வேண்டிய பெருமை சேர்ந்தது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இல்லாத கடல் ஒன்று அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கும். ஆகையால், மறுபடி அச்சிடும்போது அந்த ஒரு வரிக்கு நேரே என் பெயரைப் போட வேண்டும் என்று அவளிடம் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன். தப்பாக எழுதியவனும் நான், தப்பு என்று சொன்னவனும் நான். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது என் அளவு.