ஒரு கால் தரையில்

நான் உட்கார்ந்துதான் பூல் ஆடுவேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும். மேசையின் மர விளிம்பில் வலது இடுப்பை வைத்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, மற்றக் காலைத் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, மேலிருந்து பார்த்து அடிப்பேன். மற்றவர்கள் எல்லோரும் குனிந்து, முகவாய் குச்சியில் உரச, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடிக்கிறார்கள். அப்படிக் குனிந்தால் எனக்குக் கோணம் தெரியாது. கழுத்துதான் வலிக்கும்.

காரணம் கேரம். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாலாவது ஆள் கிடைக்காதபோது அண்ணன்கள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஜெயிக்க ஆரம்பித்ததும் வேறு நாலாவது ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். கேரமில் பழகிய கை மாறாது. குச்சியின் பின்முனையை எல்லோரும் பிடிப்பார்கள். நான் நடுவில் பிடிப்பேன். கையைப் பின்னால் இழுத்து ஆட்ட மாட்டேன். மணிக்கட்டும் விரல்களும் மட்டும் ஒரு வெட்டு வெட்டும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற அதே வெட்டு. பலம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்து நான் சொன்ன இடத்துக்குப் போகும்.

ஹப்சிகுடாவில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் கவுண்டரில் உட்கார்கிறேன். டாக்டர் காலையில் வருவார், பிறகு சாயங்காலம்தான். நடுவில் எனக்கு வேலை கிடையாது. அதே கட்டடத்தின் செல்லாரில் பூல் பார்லர். கார் நிறுத்த வேண்டிய இடத்தில் நாலு மேசை போட்டு நடத்துகிறார் ஒரு பாய். அவரும் மெட்டுகுடாக்காரர். குவார்ட்டர்ஸ் பையன்களோடு திரிந்ததால் அரைத் தமிழ் பேசுவார். என்னை ஆபா என்று கூப்பிடுவார். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

முதல் நாள் நான் விளிம்பில் ஏறி உட்கார்ந்ததும் ஓடி வந்தார்.

“நக்கோ ஆபா, நக்கோ, வேணாம்! டேபிள் மேலே கைக்கு, ஏன் உட்காருது? அது சோஃபா இல்லே.”

“சோஃபா இருந்தா கொண்டாந்து போடுங்க பாய். அதுல உட்கார்ந்து ஆடுறேன்.”

அதற்குள் நான் இரண்டு பந்தைப் போட்டுவிட்டேன். அவர் நின்று மூன்றாவதையும் பார்த்தார். அதன் பிறகு சோஃபாவைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்ட்ரெய்ட் பூலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மற்ற மேசைகளில் பையன்கள் என்னென்னவோ ஆடுவார்கள், குருட்டாம்போக்கில் விழுந்த பந்துக்கும் கைதட்டிக்கொள்வார்கள். இதில் அது நடக்காது. பதினைந்து பந்தில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் எந்தப் பந்து எந்தப் பாக்கெட்டில் என்று முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னது விழுந்தால் ஒரு புள்ளி, மேலே ஆடலாம். மேசையில் ஒரே பந்து மிஞ்சும்போது மற்றப் பதினாலையும் திரும்ப அடுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நூறு எடுத்தவர் ஜெயித்தார். தப்பு செய்தால் ஒரு புள்ளி போகும், போட்ட பந்து மேசைக்குத் திரும்பும். கேரமில் டியூ வைக்கிற மாதிரி. எனக்கு இந்த ஆட்டம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஓங்கி அடிக்கத் தேவையில்லை என்பது இன்னும் பிடித்தது. கொத்தாகக் கிடக்கும் பந்துகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வேலை.

நான் நன்றாக ஆடுவேன். இதில் அடக்கம் காட்ட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் ஆண்கள் கூட்டத்தில் என்னிடம் தோற்காதவன் இல்லை. புதிதாக வருகிறவன் எவனாவது, “இப்படி உட்கார்ந்து ஆடலாமா?” என்று கேட்பான். “அடிக்கும்போது ஒரு கால் தரையில் பட்டிருக்கணும். அவ்வளவுதான் ரூல். என் ஒரு கால் தரையில்தான் இருக்கு, நீ உன் ரெண்டு காலையும் பார்த்துக்கோ” என்பேன். வாயை மூடிக்கொள்வான்.

போன வருஷம் பாய் ஒரு செய்தி சொன்னார். பெங்களூரில் ஸ்ட்ரெய்ட் பூல் போட்டி ஒன்று நடக்கிறது, ஒவ்வொரு பார்லரிலிருந்தும் ஒருவர் போகலாம். நான் போவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். லீவுக்கும் சொல்லிவிட்டேன். மூன்று நாளைக்கு யாரும் அக்காவிடம் திட்டு வாங்காமல் பில் கட்டுவார்கள் என்று சென்டரில் கேலி பேசினார்கள். இவ்வளவு வயதில் நான் எதற்கும் போட்டியிட்டு எங்கும் போனதில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் ரயில் ஏறியிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து, இவள் ஆட்டக்காரி என்று அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

குறுக்கே வந்தவன் ஒரு கோயம்புத்தூர்க்காரப் பையன். ஐடி வேலை. குகட்பள்ளியில் தங்கி, ஞாயிறுதோறும் மெட்ரோ மாறி வருவான். மூக்கில் தடிக் கண்ணாடி. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம், எல்லாம் சுத்தமாக இருக்கும். பேச்சில் மரியாதை அதிகம். அந்த மரியாதையே எனக்கு எரிச்சலாக இருக்கும். எங்கள் இரண்டு பேரில் ஜெயிக்கிறவர் பெங்களூர் போவது என்று பாய் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். அவர் எப்போதும் வருவார், சுவரோரம் பேப்பர் படிப்பார். இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஆட்டம் நன்றாகவே போனது. அவன் ஐம்பத்தெட்டில் ஒரு பந்தைத் தவறவிட்டு நாற்காலிக்குப் போனான். அறுபதுகளில் இருந்த நான் ஒவ்வொன்றாக எடுத்து எழுபதைத் தாண்டினேன். வெள்ளைப் பந்து மேசையின் நடுவுக்கு உருண்டு போய் நின்றது. “ஒன்பது, அந்த மூலை” என்று சொல்லிவிட்டு நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டி அடித்தேன். விழுந்தது. இரண்டு பேர் கைதட்டினார்கள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றான் அவன், நாற்காலியிலிருந்து. “கால் தரையில இல்லீங்க.”

“எந்தக் கால்?”

“ரெண்டுந்தானுங்க.”

“உனக்குக் கண்ணு தெரியுதா?”

“கண்ணாடி போட்டிருக்கேனுங்க.”

யாரோ சிரித்தார்கள். நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். “நீங்க பார்த்தீங்களா பாய்?”

அவர் ஏசியை அண்ணாந்து பார்த்தார். “பந்து அழகா போச்சு ஆபா.”

“பந்தைக் கேக்கல. காலைக் கேட்டேன்.”

கைதட்டியவர்களைப் பார்த்தேன். ஒருவன் குச்சி முனைக்குச் சாக்பீஸ் தேய்த்தான். ஒருவன் போனை எடுத்தான். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

நான் அதே இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். அதே அளவு உள்ளே தள்ளி, அதே மாதிரி கையை நீட்டி, அப்படியே கீழே பார்த்தேன். என் பெருவிரல் தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நான் குட்டை. மேசை உயரம். நடுவில் நிற்கும் பந்துக்கு நான் எட்ட வேண்டுமென்றால் கால் தூக்கித்தான் ஆக வேண்டும். அடிக்கும்போது என் கண் பந்தில் இருக்கும், காலில் இருக்காது. எனக்குத்தான் தெரியாது. சுற்றி நின்றவர்கள் கண் எங்கே இருந்தது?

“ஃபவுல்” என்று நானே சொன்னேன். பாய் ஒன்பதை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு புள்ளி போயிற்று. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இந்த ஆட்டத்தில் நாற்காலிதான் கொடுமை. எதிராளி ஆடும்வரை நமக்கு வேலை இல்லை. தடுக்க முடியாது, பேசக்கூடாது. அவன் அமைதியாகப் பந்துகளை எடுத்துக்கொண்டிருந்தான். நான் பழைய ஆட்டங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாள், தவறாமல் தொடர்ந்து நாற்பதுக்கு மேல் போட்டேன். பார்லரே கூடி நின்று பார்த்தது. பாய் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். அதில் எத்தனை பந்து காற்றில் காலை வைத்துப் போட்டது? அன்றைக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சமோசா தின்றிருக்கிறார்கள். பள்ளிக்கூட விழாவில் குழந்தை தப்பாக ஆடினாலும் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல்தான் இத்தனை நாளும் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் எண்பத்தாறில் தவறவிட்டான். நான் எழுந்து போனேன். இப்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலைப் பார்த்தேன். காலைப் பார்த்தால் பந்து போகிறது, பந்தைப் பார்த்தால் கால் நினைவுக்கு வருகிறது. அப்படியும் பத்துப் பன்னிரண்டு பந்து எடுத்தேன். பிறகு வெள்ளைப் பந்து மறுபடியும் நடுவில் போய் நின்றது. உட்கார்ந்தால் எட்டாது. ரெஸ்ட் என்று முன்னால் கொம்பு வைத்த நீளக் குச்சி ஒன்று உண்டு. எட்டாத பந்துக்கு அதை முட்டுக் கொடுத்து அடிப்பார்கள். நான் அதை ஒருநாளும் தொட்டதில்லை. அன்றைக்கு எடுத்தேன். நின்றுகொண்டு, எல்லோரையும்போல் குனிந்து அடித்தேன். பந்து பாக்கெட்டின் பக்கத்தில்கூடப் போகவில்லை. மிச்சத்தை அவன் முடித்தான்.

குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றான். “அக்கா, நான் சொல்லாம விட்டிருக்கோணுங்களா?”

“சொல்லாம விட்டிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும்.”

“சொல்லாம விட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்களே.”

பாயிடம் போனேன்.

“கைக்கு பாய்? இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“ஆபா, சொன்னா நீங்க சண்டை போடும்” என்றார். கொஞ்சம் யோசித்து, “லேடீஸ் வந்து ஆடுது, நல்லா ஆடுது, ஆடட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

பயமாம், பிறகு பரிதாபமாம். இரண்டில் எது பரவாயில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் கத்துகிறவள்தான், மறைக்கவில்லை. பில் கவுண்டருக்கு வரிசையை மீறி வருகிறவனிடம் கத்தாவிட்டால் வேலை நடக்காது. கத்தினால் என்ன? கத்துகிறவளுக்குக் கால் தரையில் படவில்லை என்றால் அது ஃபவுல் இல்லையா?

வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடியே வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“உங்களுக்கும் தெரியுமா?”

“ஹவ், தெரியும்.”

“எத்தனை நாளா?”

“முதல்ல இருந்தே.”

“ஏன் சொல்லல?”

“நீ சந்தோஷமா இருந்த.” சிக்னல் விழுந்ததும் வண்டியை நிறுத்தித் தலையைத் திருப்பினார். “வேணும்னா குதி உசந்த செருப்பு ஒண்ணு வாங்கித் தரட்டா?”

“வாங்குங்க. உங்க தலையில போட எனக்கு ஒண்ணு வேணும்.”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேஸ் தீர்ந்துவிட்டது, பேசவேண்டியதாயிற்று.

பையன் பெங்களூர் போனான். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றுவிட்டுத் திரும்பினான். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். அங்கே எல்லோரும் எப்படி ஆடினார்கள் என்று கேட்டேன். உங்களை மாதிரி யாரும் ஆடலீங்க என்றான். இது புகழ்ச்சியா என்று கேட்டேன். தெரியலீங்க என்றான்.

நான் மதியங்களில் தனியாக ஆடிப் பார்த்தேன். நின்று ஆடப் பழகலாமே என்று பாய் சொன்னார். மாட்டேன் என்றேன். நின்று ஆடினால் அது என் ஆட்டம் இல்லை. அதற்குப் பதிலாக வெள்ளைப் பந்து நடுவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளப் பழகினேன். எந்தப் பந்தை அடித்தாலும் வெள்ளை திரும்பி வந்து விளிம்போரம், என் கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்க வேண்டும். கஷ்டமான ஆட்டம். எளிதாகப் போடக்கூடிய எத்தனையோ பந்துகளை இதற்காக விட வேண்டியிருக்கிறது. ஆனால் பிழைக்கலாம்.

போட்டி முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தில் இருந்த மற்றவர்களை விட்டுவிட்டு அந்தப் பையனைக் கூப்பிட்டேன். ஆட்டத்தை ஆரம்பித்தோம். அவன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, என் கால் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டான். நான் அதைப் பார்த்தேன். பதினோராவது பந்தோ பன்னிரண்டாவதோ, நினைவில்லை, அடித்தேன், விழுந்தது.

“கால், அக்கா.”

“படுதுடா! பாரு, படுது!”

“இப்பப் படுதுங்க. அடிக்கறப்ப படலீங்க.”

“நீ என்ன, பந்தைப் பார்க்க வந்தியா, என் காலைப் பார்க்க வந்தியா? அவ்வளவு தூரத்துல இருந்து உனக்கு என்னடா தெரியும்?”

இன்னும் நிறையச் சொன்னேன். பக்கத்து மேசையில் ஆட்டம் நின்றுவிட்டது. “சோட்தோ பேட்டா, விடு, விடு” என்று பாய் அவனுக்குச் சைகை காட்டினார். அவன் விடவில்லை. குச்சியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முடித்ததும் எழுந்து வந்து, விழுந்த பந்தைப் பாக்கெட்டிலிருந்து தானே எடுத்து மேசையில் வைத்தான்.

“இனி என் ஆட்டமுங்க” என்றான்.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.