செவிடு: காது நோய் காண்க

நூலகத்துப் பட்டியல்கார அம்மாவுக்குப் எந்தப் பொருளுக்கு எந்தப் புத்தகம் என்று காட்டும் பத்தாயிரம் தலைப்புக் கார்டுகளும் மனப்பாடம். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லியாயிற்று, இரண்டாயிரம் இருக்கும்.

ஒரு நாள் தச்சர் ஒருவர் வந்து நின்றார். “ஏம்மா, ‘செவிடு’ன்னு தேடினா ‘காது நோய் காண்க’ன்னு போட்டிருக்கு. அங்க போனா ‘செவிடு காண்க’ங்குது. நான் என்ன செக்குமாடா?”

இரண்டும் அவள் கையெழுத்து. முகம் சுண்டிப்போய், காது நோய்ப் புத்தகங்கள் நான்கைத் தானே தூக்கி வந்தாள்.

“வைத்தியமெல்லாம் பாத்தாச்சும்மா. என் வீட்டுக்காரிக்கு இனிமே காது கேக்காது. அவகூட நான் பேசியாகணும்.”

பட்டியல்கார அம்மா சைகை மொழிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘செவிடு: சைகை மொழியும் காண்க’ என்று புதுக் கார்டு எழுதினாள்.

தச்சர் எட்டிப் பார்த்தார். “‘பேச்சு’லயும் ஒண்ணு போடுங்கம்மா. நான் முதல்ல அங்கதான் தேடினேன்.”