இடது முட்டிக்கு ஒரு ஜெபக் குறிப்பு

கறிவேப்பிலை மரத்தை வெட்டியவரை மன்னிப்பது எப்படி என்று எந்தப் போதகரும் தனியாகப் பிரசங்கம் செய்ததில்லை. செய்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். எல்லாரும் பொதுவாக மன்னிப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பொதுவாக எனக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா மேல் மட்டும்தான்.

தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒட்டினாற்போல வரிசையாக இருக்கும். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் முருகன் கோயிலுக்குப் போகிறவர், நான் சர்ச்சுக்குப் போகிறவள். தீபாவளி முறுக்கு இந்தப் பக்கம் வரும், கிறிஸ்மஸ் கேக் அந்தப் பக்கம் போகும். என் கணவருக்கு நெஞ்சடைப்பு வந்தபோது, வேலைக்கு லீவு போட்டுவிட்டு மருத்துவமனை பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். சொந்த அக்கா இருந்திருந்தால்கூட அப்படி உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்.

மரம் என் வீட்டு வேலிக்கு வெளியே, லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் நின்றது. நான் வைத்து வளர்த்தது. எங்கள் லோரோங் சந்தில் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிய வீடே கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யாராவது ஒரு கொத்து ஒடிக்க வந்தால், "மேல கை வைக்காதீங்க, கீழ ஒடிங்க" என்று ஜன்னலிலிருந்தே உத்தரவு போடுவேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்து, கையில் ஓலையோடு காரிலிருந்து இறங்குகிறேன், மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. புல் வெட்ட வந்த ஆளிடம் அக்கா வெட்டச் சொல்லியிருக்கிறார்.

"இலை விழுந்து என் வீட்டு லோங்காங் அடைக்குதுலா. எத்தன தடவ சொன்னேன்," என்றார்.

சொன்னார், உண்மைதான். ஆனால் வெட்டப்போகிறேன் என்று சொல்லவில்லையே! அதுவும் நான் சர்ச்சில் இருக்கும் நேரம் பார்த்து. மரம் போனதைவிட அதுதான் வலித்தது. இத்தனை வருடப் பழக்கத்துக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்கப்புறம் எனக்கு ஒரு விசித்திரமான வியாதி வந்தது. சர்ச்சில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய வரி நெருங்கினால் சரியாக இருமல் பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் என் கணவர் மிட்டாய் கொடுத்தார். அடுத்த வாரம், "டாக்டர்கிட்ட போறியா, இல்ல அக்காகிட்ட போறியா?" என்று காதருகே கேட்டார்.

ஆண்டவரிடம் பேரம் பேசிப் பார்த்தேன். அக்கா முதலில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், நான் பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறேன் என்றேன். அந்தக் காட்சியில் நான் என்ன பேச வேண்டும் என்பதுவரை தயாராக இருந்தது. அக்கா வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசுவதுபோல நடிப்பேன். மறுமுனையில் ஆளே இல்லாமல் அவ்வளவு நேரம் சிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உள்ளே வந்ததும் அழுகை வரும். அக்காவை ஒரேயடியாக இழந்துவிடுவேனோ என்று பயமாகவே இருந்தது. ஆனாலும் நான் முதலில் இறங்கிப் போவதா? மனசு வரவில்லை. மாதங்கள் ஓடின.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வீட்டு ஜெபம். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்போம். பிடிக்காத ஒருவரைப் பற்றிப் பக்தியோடு புகார் செய்ய இதைவிட வசதியான இடம் கிடையாது. ஜெபக் குறிப்பு என்று ஆரம்பித்துவிட்டால் அது புறணி ஆகாது.

"பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருத்தவங்க," என்றேன், குரலைத் தாழ்த்தி, கைக்குட்டையால் கண்ணோரத்தைத் தொட்டுக்கொண்டு. "அவங்க மனசு ரொம்பக் கடினமா இருக்கு. ஆண்டவர்தான் தொடணும்." மரம் வெட்டிய கதையையும் விரிவாகச் சொன்னேன்.

எங்கள் ஜெபக் குழுவை நடத்துகிற அண்ணன் பல வருடம் லாரி ஓட்டியவர். எதையும் முழுசாக விசாரித்துவிட்டுத்தான் ஜெபிப்பார்.

"சரிம்மா. அந்த சிஸ்டருக்கு வேற என்ன தேவை? உடம்பு எப்படி? பிள்ளைங்க?"

கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"இடது முட்டி வலிக்கும். படி ஏற முடியாது. சுகர் வேற. ஆனா டின் பால் ஊத்தித்தான் தே தண்ணி குடிப்பாங்க, சொன்னா கேக்க மாட்டாங்க."

"பிள்ளைங்க?"

"ஒரே மகன், சிங்கப்பூர்ல. போன் பண்றதே இல்ல. எங்க வீட்டுல போன் அடிச்சாகூட, தன்னோடதுன்னு நெனச்சு அந்த முட்டியோட எந்திரிச்சு ஓடுவாங்க..."

நடிப்புக்கு எடுத்த கைக்குட்டை நிஜமாகவே தேவைப்பட்டது. கோபத்தைத் தேடிப் பார்த்தேன். வைத்த இடத்தில் இல்லை.

அண்ணன் ஆரம்பித்தார். லாரி இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். "ஆண்டவரே! அந்தச் சகோதரியோட இடது முட்டியத் தொடும்! அந்த மகன் இன்னைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணணும்! டின் பாலக் கொறைச்சுக்குற மனசத் தாரும்!" மரத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு என் அக்காவைத் திருப்பிக் கொடும், நானே போகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். அதில் பேரம் எதுவும் இல்லை.

ஆமென் சொல்லி முடித்த அமைதியில்தான் கவனித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் இல்லை. சீரியல் ஓடுகிற நேரத்தில் அக்கா டிவியை நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது.

"அலாமாக், போச்சு," என்றார் என் கணவர்.

கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். நான் ஓடினேன். அக்கா கண் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"என் மவன் போன் பண்றதில்லன்னு தாமானுக்கே சொல்லிட்டியா?"

"தப்புதான்க்கா. மரம் போனா போகட்டும். எனக்குக் கோபமெல்லாம் இல்ல. உள்ள வாங்கக்கா."

தயாராக வைத்திருந்த பேச்சில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆளு இடது முட்டி மட்டும்தான் சொன்னாரு. வலதும் வலிக்குது. அதையும் சேத்துச் சொல்லச் சொல்லு."

"வலது காலா? எப்பருந்துக்கா?"

"ரெண்டு மாசமாச்சு. உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பேசலையே."

கேட்டைத் திறந்து அவர் கையைப் பிடித்தேன். எங்கள் வாசலில் இருப்பது ஒரு சின்னப் படிதான். அதில் ஏறவே அவருக்கு என் தோள் முழுவதும் வேண்டியிருந்தது.