குரோய்டனில் ஒரு பலகை, ஒன்பது தகடுகள்: எட்டு மாதப் பிள்ளையோடு ஒரு விளையாட்டு நாள்

மூன்று வாரம் பிந்தி எழுதுகிறேன். பிள்ளைக்குப் பல் முளைக்கும் வீட்டில் எதுவும் நேரத்துக்கு நடப்பதில்லை. போன மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, பிளேஸ்டோவிலிருந்து குரோய்டன் வரை மகள் ஆதிரையைக் கொண்டு போய் வந்தேன். அதற்கு முன் அவளோடு நான் தனியாகப் போன அதிக தூரம் பக்கத்து ஊரான பார்க்கிங்கின் சந்தை. தள்ளுவண்டியோடு லண்டனைக் குறுக்கே கடக்கப் பயப்படும் தாய்மாருக்காகத்தான் இந்தக் குறிப்பு.

போன காரணம் நெட்போல், பெண்கள் ஏழு பேராக நின்று வளையத்துக்குள் பந்து போடும் ஆட்டம். லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டு இணையம், அதாவது லீக், வைத்திருக்கின்றன. எங்கள் கிழக்கு லண்டன் கல்லூரி அதில் மிகச் சிறிய உறுப்பு. நான் படித்த காலத்தில் கோல் கீப்பர். இப்போதைய கப்டன் மிதுனா, இரண்டாம் வருட மாணவி, வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள்: "அக்கா, விளையாட வேண்டாம், வந்து கத்தினாக் காணும்."

கத்துவதற்கு என்ன, போகலாம் என்று நினைத்தேன். கணவர் றெஜிக்கு அன்று ஷிப்ட். முதல்நாளே பையை மூன்று தடவை அடுக்கினேன். காய்ச்சல் பார்க்கும் கருவிக்குக்கூட மேலதிக பற்றரி வைத்தேன்.

காலை 9.20க்குப் பிளேஸ்டோ. ஒரு நிறுத்தம் தள்ளி வெஸ்ட் ஹாமில் இறங்கி லிப்ட் பிடித்து ஜூபிலி லைனுக்கு மாறினால் லண்டன் பிரிட்ஜ். அங்கிருந்து ஈஸ்ட் குரோய்டனுக்கு ரயிலில் கால் மணி நேரம். அங்கே லிப்டைத் தேட வேண்டாம், நீளமான சரிவுப் பாதை மேலே கொண்டு போய் விடும். வாசலிலேயே டிராம். ரயில் செலவு ஒரு வழிக்கு ஆறு பவுணுக்குள், டிராமுக்கு ஒன்றே முக்கால். டிராமிலிருந்து இறங்கிப் பத்து நிமிட நடை. மைதானத்துக்குப் போகும்போது மணி 10.45. ஆதிரை முழு வழியும் தூங்கினாள். நான்தான் மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி வந்தேன்.

குரோய்டன் என்றால் என் சின்ன வயதில் அப்பாவோடு விசா அலுவலாக குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தின் முன் வரிசையில் நின்ற இடம். விளையாடுகிறவர்களைப் பார்க்க அங்கே போவது இதுதான் முதல் தடவை.

மைதான மண்டபத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறது, போனால் கட்டாயம் பாருங்கள். இணையத்தின் சரித்திரம் முழுக்க அதில் இருக்கிறது. மேலே உள்ள நாலு பித்தளைத் தகடுகள், பூங்காவில் கிரிக்கெட் விளையாடித் தொடங்கிய நாலு சங்கங்கள். பெண்களுக்கு நெட்போல் சேர்ந்த பிறகு வந்தவை கீழே, சேர்ந்த ஒழுங்கில். இடையிடையே மூன்று வெற்றிடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணித் துளைகள். ஒரு சங்கம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. ஒன்று வடக்கு இணையத்துக்குப் போனது. மற்றதில் தமிழ்ப் பிள்ளைகளே இல்லாமல் போனார்கள். விலகும் சங்கத்தின் கடைசிக் கப்டன் தன் கையாலேயே தகட்டைக் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். அந்த இடத்தில் பிறகு எவரையும் போடமாட்டார்கள்.

அன்று பலகையில் ஒன்பது தகடுகள். ஒன்பதாவது நாங்கள். எங்களுக்குக் கீழே ஏற இருந்த புதிய சங்கத்தின் தகடு மேசையில் மினுங்கிக்கொண்டிருந்தது.

11.35க்கு மிதுனா வெளிறிப்போய் வந்தாள். ஏழாவது ஆளுக்குக் காய்ச்சலாம், வரமாட்டாவாம். நெட்போல் ஐந்து பேரோடும் தொடங்கலாம். ஆனால் இந்த இணையத்துக்கு ஒரு சொந்த விதி: அன்றைப்போல ஆண்டின் கடைசிப் போட்டி நாளில் ஏழு பேர் இறங்கி ஆட்டத்தை முடிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வருடம் தவறினால் உறுப்புரிமை போய்விடும். போன வருடம் நாங்கள் தவறியிருந்தோம். பழைய மாணவர் இருவர் வரை சேர்க்கலாம்.

"அக்கா, நீங்கள்தான் இறங்க வேணும்."

"எனக்கு ஏலாது. பிள்ளை இருக்கு."

"பிள்ளை என்ன, எழும்பி ஓடப்போகுதோ?"

பலகையைப் பராமரிக்கும் செயலாளர் செபஸ்தியான் அண்ணை, மன்னார்க்காரர், பக்கத்தில் நின்றார். கழுத்தில் பட்டி, பட்டியில் ஸ்குரூட்ரைவர். "எனக்கும் விருப்பமில்லைத் தங்கச்சி. ஆனா விதி விதிதான். பன்னிரண்டுக்கு ஏழு பேர் நிக்க வேணும்."

மிதுனா அந்த ஸ்குரூட்ரைவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபது வயதுப் பிள்ளை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையால் எங்கள் தகட்டைக் கழற்றுவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

"அப்ப பிள்ளையை ஆர் வச்சிருக்கிறது?"

"நான் நாலு வளர்த்தனான்," என்றார் அண்ணை.

"முதல்ல அந்தச் சாமானைக் கழுத்திலயிருந்து கழட்டுங்கோ. கண்ணில குத்தும்."

சிரித்தபடி கழற்றித் தந்தார். நான் பிள்ளையைக் கொடுத்தேன், பால் போத்தலைக் கொடுத்தேன், முதுகைத் தட்டி ஏவறை விட வைப்பது எப்படி என்று இரண்டு தடவை சொன்னேன். யாரோ சப்பாத்து தந்தார்கள், ஒரு அளவு பெரிசு.

பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி. எதிரணியின் ஷூட்டர் கவிதா, கோயம்புத்தூர்ப் பெண், நல்ல உயரம். நான் ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் கோட்டுக்கு வெளியேயும் பார்த்தேன். ஐந்து கோல் விழுந்த பிறகு அவளே சொன்னாள்: "அக்கா, பாப்பாவப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. கோல் போடுறது நான்தான்."

இரண்டாம் பாதியில் நாலு நிமிடம் மிஞ்சியிருக்கும்போது ஆதிரை அழத் தொடங்கினாள். அது பசி அழுகை இல்லை, அம்மாவைத் தேடும் அழுகை. கால் தானாக வெளிக்கோட்டுப் பக்கம் திரும்பியது. நான் வெளியே போனால் ஆறு பேர், ஆட்டம் முடிந்தது, தகடும் போனது. மிதுனா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

அப்போது செபஸ்தியான் அண்ணை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டின் ஓரமாக ஓட ஆரம்பித்தார். நான் எந்தப் பக்கம் போகிறேனோ அந்தப் பக்கம் அவரும். "அங்க பார், அம்மா. இஞ்ச பார், அம்மா பந்தை விட்டிட்டா." ஆதிரை விக்கி விக்கி நிறுத்தினாள். என் முகம் தெரிந்துகொண்டே இருந்தால் போதும் போலிருந்தது அவளுக்கு. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அடுத்த பந்தைக் கவிதாவின் விரல் நுனியிலிருந்து தட்டிவிட்டேன்.

"இப்பத்தான் வெளாட வந்தீங்களாக்கும்," என்றாள் அவள்.

பத்தொன்பதுக்கு ஏழு. தோல்விதான். ஆனால் விசில் ஊதியபோது மிதுனா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்த குதியைப் பார்த்தவர்கள் நாங்கள் கோப்பை வென்றோம் என்று நினைத்திருப்பார்கள்.

புதிய சங்கத்தின் தகட்டைப் பொருத்த வேண்டிய நேரத்தில் ஸ்குரூட்ரைவரைக் காணவில்லை. மேசைக்குக் கீழே, தேநீர்த் தட்டுகளுக்கு இடையில், எல்லா இடமும் தேடினார்கள். கடைசியில் அண்ணை ஒரு பென்னிக் காசால் திருகாணியை முடுக்கினார். "இவ்வளவு காலமும் இதைச் சும்மாதான் கழுத்தில கொண்டு திரிஞ்சனானோ," என்று தன்னைத்தானே கேட்டார். பத்தாவது தகடு ஏறியது. ஒன்பதாவது அசையவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மண்டபத்தில் குழந்தைக்கு உடுப்பு மாற்றும் மேசை இல்லை, விரிப்புக் கொண்டு போங்கள். திரும்பும்போது நாலு மணிக்கு முந்திய டிராமைப் பிடியுங்கள், பிறகு தள்ளுவண்டிக்கு இடம் கிடைக்காது. உங்கள் அளவுச் சப்பாத்து ஒன்றைப் பையில் போடுங்கள், பார்க்கத்தான் போகிறேன் என்று நினைத்தாலும்.

வீட்டுக்கு வந்து பையைத் தட்டியபோது நாப்கின்களுக்கு நடுவே பட்டியோடு அந்த ஸ்குரூட்ரைவர் விழுந்தது. அண்ணையிடம் வாங்கியதும் பிள்ளைக்கு எட்டாத இடம் என்று நானே ஒளித்து வைத்திருக்கிறேன். வெட்கத்தோடு தொலைபேசியில் கூப்பிட்டு, தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், நீங்களே வச்சிருங்கோ," என்றார். "வாற வருஷம் கையோட கொண்டு வாங்கோ. கோல் கீப்பரும் அப்ப வந்திடுவா."

இப்போது அது குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது, ஆதிரைக்கு எட்டாத உயரத்தில். பக்கத்தில் ஒரு புதுச் சப்பாத்துப் பெட்டி. இந்த முறை என் அளவு.