கோத்தகிரிக்கு முன் சிந்தாதிரிப்பேட்டை

வெள்ளிக்கிழமை காலை 9.40. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆட்டோ ஏறினேன். சிந்தாதிரிப்பேட்டைக்கு ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். மடியிலிருந்த பையில் எங்கள் சமையல் லாரியின் இரண்டு ஓஸ்கள். கியர் ஆயிலை, அதை ஆறவைக்கும் கூலருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருபவை. நேற்று ஒன்று கசிந்து வண்டிக்கடியில் சிவப்பாகக் குளம் கட்டிவிட்டது. ஞாயிறு காலை கோத்தகிரியில் கல்யாண டிபன், இருநூறு பேருக்கு. சென்னையைத் தாண்டி எங்களுக்குக் கிடைத்த முதல் ஆர்டர். கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்கினோம். கியர் ஆயில் கொதித்தால் வண்டி மலை ஏறாது.

“பையில இன்னா மேடம், பாம்பா?” என்றார் ஆட்டோக்காரர்.

“கியர் ஓஸுங்க.”

“அப்ப ஓஸ் கடை சந்து வாசல்லயே வுடுறேன். அங்க இல்லன்னா மெட்ராஸ்லயே இல்ல.”

10.25. கடையா அது! கூரைவரை கறுப்பு ஓஸ் சுருள்கள், சுவரெல்லாம் ஓஸ் முனையில் மாட்டும் பித்தளை நிப்பிள்கள். நகைக்கடையில்கூட நான் இப்படி வாய் பிளந்து நின்றதில்லை. கடைக்காரர் ஷகிலா அக்கா என் ஓஸை முகர்ந்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“இன்னாமா, சோப்பு போட்டு கழுவினியா?”

“சமையல்காரிக்கா நான். அழுக்கா எப்படிக் கொண்டு வர்றது?”

“அழுக்கு இருந்தா எங்க கசியுதுன்னு அதே சொல்லிருக்கும். புருஷனுக்கு வீடியோ போடு.”

கணவர் வண்டிக்கடியில் படுத்துக் காட்டினார். எங்கள் மெக்கானிக் கேட்டிருந்ததோ நேர் நிப்பிள். கூலரின் வாய்க்கு எதிரே வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸ் இடித்துக்கொண்டு நிற்பதை அக்கா பார்த்தார்.

“நேரா போட்டா கழுத்து மடங்கி மறுபடியும் வெடிக்கும். இந்த முனைக்கு வளைஞ்ச எல்போ போடு. நீளமும் ரெண்டு இன்ச் கூட வெச்சிக்கோ, இன்ஜின் ஆடும்ல.”

நான் ஆசையாக ஒரு நீல ஓஸைத் தொட்டேன்.

“அது தண்ணிக்கு. சூடான ஆயில் பட்டா சேமியா மாதிரி தொங்கிடும்.”

நிப்பிளின் திருகு மரை பொருந்துவதுதான் பெரிய சோதனை. அண்ணன் தம்பி போலிருந்த இரண்டு நிப்பிள்களைப் பழைய நட்டில் திருகச் சொன்னார். முதலாவது இரண்டு சுற்றில் முரண்டு பிடித்தது. இரண்டாவது விரலாலேயே கடைசிவரை போயிற்று. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பிரஸ் மிஷின் முனைகளை நசுக்கி இறுக்க, இரண்டு ஓஸும் தயார். ரூ. 2,360.

பிற்பகல் 2.15. மெக்கானிக் மாட்டி முடித்தார். வண்டியை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாறுவரை ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை நிறுத்தாமல் அடியில் செய்தித்தாள் விரித்தோம். கால் மணி நேரம். எங்கள் தொழிலில் எல்லாம் கொதித்தால்தான் சோறு. கொதிக்காத ஒன்றுக்காக நான் குனிந்து காத்திருந்தது அன்றுதான்.

தாளை இழுத்தேன். ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் கை கழுவப் போனார். வண்டி பழுதானதைக் கேட்டுக் காலையிலிருந்து கோத்தகிரியிலிருந்து வந்த அழைப்புகளை நான் எடுக்கவே இல்லை; இப்போது நானே கூப்பிட்டேன்.

“பொண்ணோட அம்மாவா? வண்டி சரியாயிடுச்சு, வேற ஆள் தேடாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை டிபனுக்குப் பொங்கல் எங்களோடதுதான்.”