பனிமலையும் சிவப்பு அரளியும்

மண் சரிந்து ஆள் சாவதைக் கண்ணால் பார்த்தவனுக்குச் சரிவு என்ற சொல்லே ஆகாது. என் தம்பி அப்படித்தான் போனான்.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். அறுபது அடி இறங்கியாயிற்று. முதல் நாள் நல்ல மழை. மழைக்கு மறுநாள் வெயில் ஏறினால் மண் பிடி விட்டுவிடும், பத்து மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும் என்பது கிணறு வெட்டுகிறவர்களின் சட்டம். நான் ஏறி வந்துவிட்டேன். "வெடிக்கு இன்னும் ஒரே ஒரு குழி போட்டுப்போட்டு வாரேன், நீங்க போங்கண்ணா" என்றான் தம்பி. வடக்குப் பக்கச் சுவர் முனகல்கூட இல்லாமல் அப்படியே வந்தது. தோண்டி எடுத்தபோது வாய் நிறையச் செம்மண். தாடையைப் பிளந்து விரலை விட்டு வழித்தேன். மண் வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் பல நாள் சோற்றில் விரலை வைத்தால் குமட்டும்.

என் மகன் கிணற்று வேலைக்கு வரவில்லை. பட்டாளத்துக்குப் போனான். அங்கே அவனைப் பனி எல்லையில் போட்டு, காலில் நீளப் பலகையைக் கட்டிப் பனியில் வழுக்கிக்கொண்டு இறங்கப் பழக்கிவிட்டார்கள். பதினைந்து வருசம் கழித்து ஊருக்கு வந்து பம்ப்செட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. கூடவே பட்டாளத்தில் இருந்த சோமனூர்க்காரன் ஒருவன், இப்போது தறி ஓட்டுகிறான், அவனும் அதே பைத்தியம்.

முந்தின வருசம் மாசியில் இரண்டு பேரும் எங்கள் வீட்டுத் தரையில் ஒரு வரைபடத்தை விரித்தார்கள். சுருண்டு சுருண்டு வந்ததால் நாலு மூலைக்கும் நாலு தேங்காய் வைத்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். ஆனால் நெருக்கமாக ஓடிய கோடுகளைப் பார்த்ததுமே அது செங்குத்து என்று தெரிந்தது. வடக்கே ஒரு பனிமலை. வைகாசியில் உச்சிக்கு ஏறிப் பலகையில் இறங்கப் போகிறார்களாம்.

"வைகாசில ஏண்டா?" என்றேன்.

"ராத்திரி பனி இறுகிக் கல்லாட்டம் ஆயிருமுங்கப்பா. விடியறப்ப உச்சிக்குப் போயிரோணும். வெயில் பட்டு மேலாப்புல ரெண்டு விரக்கடை எளகுமுங்க. அப்ப வழுக்கிட்டு வந்தா வெண்ணெயாட்ட இருக்கும். பத்து மணிக்குள்ள எறங்கீரோணும்."

"எறங்காட்டி?"

சோமனூர்க்காரன் சிரித்தான். "எறங்காட்டி மலையே நம்மளை எறக்கி உட்டுருமுங்கப்பா."

பத்து மணி என்றதும் எனக்கு வாய்க்குள் மண் வந்துவிட்டது. மூலையில் கடப்பாரை இருந்தது. எடுத்து, சுவரில் சாத்தியிருந்த பலகை நடுவில் இறக்கினேன். உடையவில்லை. திரும்பத் திரும்ப இறக்கினேன். மேல்தோல் கிழிந்து சில்லுச் சில்லாகத் தெறித்ததில் மகன் கன்னத்தில் ரத்தம். அவன் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரமே புதுப் பலகை வந்து இறங்கியது. கொண்டுவந்த கூரியர்காரன், "ஏனுங்க, இது ஏணிங்களா?" என்றான். "பாடைங்க" என்றேன்.

அடித்து நிறுத்த முடியாதென்று தெரிந்துபோயிற்று. ஆனால் எங்கள் வீட்டில் பூக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பேச்சே கிடையாது. கிணற்றுக்கும் கேட்போம், கல்யாணத்துக்கும் கேட்போம். பட்டாளத்துக்குப் போகும்போதும் கேட்டுத்தான் போனான். "பூக் கேட்டுப்போட்டே போறனுங்கப்பா" என்று அவனேதான் சொன்னான்.

பொட்டலம் கட்டியவன் நான். இரண்டிலும் சிவப்பைக் கட்டினேன்.

மருமகள் எடுத்துப் பிரித்தாள். மகன் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் மற்ற பொட்டலத்தை மடியில் சொருகிக்கொண்டேன். அன்றைக்கே அவன் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தான்.

சோமனூர்க்காரன் கேட்கவில்லை. "சாமி உன்னையத்தானே வேண்டாமின்னுச்சு? என்னைய ஒண்ணும் சொல்லலியே!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

இதில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் இறங்கும்போது மற்றவன் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். பனி மூடினால் மூடிய இடத்தை அவன்தான் காட்ட வேண்டும். சோமனூர்க்காரனோடு போன அந்த மலைப்பக்கத்து ஆள் அடிவாரத்துக் கூடாரத்தில் இருந்தான். அங்கிருந்து சரிவு தெரியாது. உச்சியில் 'மணியாச்சு, கிளம்பு' என்று பிடித்து இழுக்கவும் ஆளில்லை. அவன் இறங்க ஆரம்பித்தபோது மணி பதினொன்று. பாதியில் காலுக்கடியில் மலையே கழன்றது. பாறையில் அடித்து அடித்து இழுத்துப்போய்க் கழுத்துவரை புதைத்தது. இரண்டு மணி நேரம் கத்தின பிறகுதான் கூடாரத்து ஆள் தேடி வந்திருக்கிறான். இடது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

"எலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சுங்கப்பா. கரும்பு ஒடிக்கறாப்பல" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் சொன்னான்.

ஆவணியில் மருமகள் கோயிலில் பொங்கல் வைத்தாள். சாமி புருசனைக் காப்பாற்றியது என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை. சோமனூர்க்காரனும் ஊன்றுகோலோடு வந்தான். சன்னிதி முன்னால் நின்று, "நானும் ஒருக்கா கேட்டிருக்கோணும். புத்தியில்லாம போச்சு" என்று அழுதான். பொங்கல் பொங்கி வழிந்தது. என்னால் நிற்க முடியவில்லை.

"சாமி ஒண்ணும் சொல்லுலடா. ரெண்டுலயும் நாந்தான் செவப்புக் கட்டுனேன்" என்றேன்.

என் மகன் ஜென்மத்தில் என்னை ஒருமையில் பேசியவனில்லை. "நீயா?" என்றான். அடுத்தது கை வந்தது. முன்பல் இரண்டு கோயில் கல்லில் விழுந்தன. சோமனூர்க்காரன் ஊன்றுகோலை என் தோளில் இறக்கினான். இறக்கிய வேகத்தில் அவனே சாய்ந்தான். தூக்கப் போனேன். என் முகத்தில் துப்பினான். பொங்கல் பானை உருண்டு அடுப்பு அணைந்தது. மருமகள் மட்டும், "நான் எடுத்த பூவுங்க அது, நான் எடுத்த பூவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆறு மாசம் வீட்டில் எனக்குச் சோறு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. என் மகன் உயிரோடு அடுத்த அறையில் இருமுவது கேட்கும். அதற்குச் சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருக்கும்.

போன மாசியில் மறுபடி வரைபடம் விரிந்தது. வந்தவன் அதே சோமனூர்க்காரன், கட்டைக்கால் போட்டிருந்தான். வரைபடம் சுருண்டது. நான் உள்ளே போய் நாலு தேங்காய் எடுத்துவந்து வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எதுத்த மேட்டுல நான் தொரக்கண்ணாடியோட உக்காந்துக்கறேன். ஒம்பது அடிச்சா வாக்கி-டாக்கில கத்துவேன்" என்றான் அவன்.

மகன் அத்தனை மாதம் கழித்து என் பக்கம் திரும்பினான். "இந்தத் தடவை பூக் கேக்கோணுமுங்களா?"

"வேண்டாஞ்சாமி. பத்து மணிக்குள்ள எறங்கீரு."

வைகாசியில் அன்றைக்குக் காலையில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மருமகள் போனை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். கடிகார முள் மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும். ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. சோமனூர்க்காரன்தான்.

"எறங்கீட்டானுங்கப்பா. கண்ணு சிமிட்டாம பாத்தேனுங்க" என்றான். பின்னால் இடி மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"அதென்னடா?"

"மலைங்கப்பா. இப்பத்தானுங்க பிடி உடுது."